பெறாதோர் காட்டும் வழி: டாமி ஆரஞ்சின் ‘தேர் தேர்’ நாவலில் போதையும் ஆற்றுப்படுத்தலும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்கத் தொல்குடி எழுத்தாளர் டாமி ஆரஞ்சின் ‘தேர் தேர்’ (2018) நாவல், ஓக்லாந்து நகரில் வாழும் தொல்குடியினரின் வாழ்வைப் பன்னிரண்டு பாத்திரங்களின் வழியே சொல்கிறது. மதுவும் போதைப்பொருளும் அந்நாவலின் ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களையும் தொட்டுச் செல்கின்றன. ஆயினும் அதன் மையக் கேள்வி போதை பற்றியதன்று. போதையிலிருந்து மீள்வோர்க்குக் கை கொடுப்பவர் யார் என்பதே அதன் கேள்வி. தமிழில் ஆலோசனைப் பணியாளரைக் குறிக்கும் ‘ஆற்றுப்படுத்துநர்’ என்னும் சொல்லையும், அதற்கு அடியான ஆற்றுப்படை மரபையும் கருவியாகக் கொண்டு இக்கட்டுரை அக்கேள்வியை ஆராய்கிறது. பெற்றவர் பெறாதவர்க்கு வழிகாட்டுவது ஆற்றுப்படை. இந்நாவலிலோ தாமே பெறாதவர்கள் பிறர்க்கு வழிகாட்ட வேண்டியவர்களாகின்றனர். இம்முரணே நாவலின் வலிமை என்றும், மீட்சிக் கூட்டத்தின் மொழியை நாவல் ஓரிடத்தில் போதிய ஐயமின்றி ஏற்றுக்கொள்வது அதன் குறை என்றும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: அமெரிக்கத் தொல்குடி இலக்கியம், டாமி ஆரஞ்சு, போதைப் பழக்கம், ஆற்றுப்படுத்தல், மீட்சி, நகர்ப்புறத் தொல்குடியினர்.

1. முன்னுரை

டாமி ஆரஞ்சு 1982இல் ஓக்லாந்தில் பிறந்தவர். ஓக்லஹோமாவின் செயேன் – அரப்பாஹோ பழங்குடியைச் சேர்ந்தவர். அவருடைய முதல் நாவலாகிய ‘தேர் தேர்’ 2019ஆம் ஆண்டின் புலிட்சர் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. நாவலின் தலைப்பு இருபொருள்பட அமைந்தது. ‘அங்கே’ என்று இடத்தைச் சுட்டும் ஆங்கிலச் சொல், இருமுறை அடுக்கி வரும்போது அழும் குழந்தையைத் தேற்றும் ஆறுதல் மொழியாகவும் வழங்கும். ஓக்லாந்தைப் பற்றிக் கெர்ட்ரூட் ஸ்டைன் எழுதிய புகழ்பெற்ற கூற்றை நாவல் நினைவூட்டுவதால், இழந்த இடம் என்னும் பொருளையே திறனாய்வாளர்கள் பெரிதும் எடுத்துக்கொண்டனர். ஆறுதல் என்னும் மற்றைப் பொருள் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. இடமும் ஆறுதலும் ஒருசேரப் பறிபோன சமூகத்தில் ஒருவரை ஒருவர் தேற்றுவது எவ்வாறு என்பதே இந்நாவலின் உள்ளோட்டம்.

இதை விளக்கத் தமிழ் மரபு பொருத்தமான ஒரு கருத்தாக்கத்தை வழங்குகிறது. போதை மீட்பு மையங்களிலும் மருத்துவமனைகளிலும் ஆலோசனை வழங்குபவரைத் தமிழில் ‘ஆற்றுப்படுத்துநர்’ என்கிறோம். ஆற்றுப்படுத்தல் என்பது நெறிப்படுத்தல், வழிச்செலுத்தல். தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும் ஆற்றுப்படை இலக்கணத்தின்படி, வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞர், எதிர்ப்படும் வறிய கலைஞரிடம் தாம் பெற்ற வளத்தை எடுத்துரைத்து அவரையும் அவ்வழிப்படுத்துவர். இதற்கு மூன்று உறுப்புகள் இன்றியமையாதவை: வழிகாட்டுவோர் தாம் முன்னரே பெற்றிருத்தல், செல்லும் வழி ஒன்று இருத்தல், வழியின் முடிவில் கொடுக்கும் இடம் ஒன்று இருத்தல். ஆரஞ்சின் நாவலில் இம்மூன்றும் ஒவ்வொன்றாகக் கேள்விக்குள்ளாகின்றன.

2. பழிச்சொல்லும் வரலாறும்

‘குடிகார இந்தியன்’ என்னும் வசைப்படிமம் அமெரிக்கப் பொதுப்புத்தியில் ஆழ வேரூன்றியது. தொல்குடியினரின் உடலே மதுவைத் தாங்காதது என்னும் நம்பிக்கை அதன் அடித்தளம். தொல்குடியினர் நிலங்களுக்குள் மது கொண்டுசெல்வதை 1832இல் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்தது. தொல்குடியினர்க்கென்றே இருந்த மதுவிலக்கு 1953 வரை நீடித்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஓர் இனத்தவரை மட்டும் தன்னைத் தான் ஆளத் தெரியாதவராகச் சட்டமே வரையறுத்தபின், வசை அறிவியலின் தோற்றத்தைப் பெறுவது எளிதாயிற்று.

இவ்வசையைத் தரவுகள் மறுக்கின்றன. அரிசோனாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு, மதுவை அறவே தவிர்ப்போர் வெள்ளையரைவிடத் தொல்குடியினரிடையே மிகுதி என்றும், மிகைக்குடி இருசாராரிடமும் ஏறத்தாழ ஒத்த அளவினது என்றும் காட்டியது. ஆனால் விளைவுகள் ஒத்தவையாக இல்லை. 2022இல் போதைப்பொருளை மிகையாக உட்கொண்டதால் நேர்ந்த இறப்பு, தொல்குடியினரிடையே நூறாயிரம் பேருக்கு 65.2 என அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையம் பதிவு செய்தது. வேறெந்த இனப்பிரிவிலும் இத்துணை உயர்ந்த வீதம் இல்லை. இவ்விரு செய்திகளையும் சேர்த்து நோக்கின், இறப்பின் ஏற்றத்தை இனத்தின் இயல்பான நாட்டத்தால் மட்டும் விளக்க இயலாது என்பது தெளிவாகும். பழக்கத்துக்கு ஆட்பட்ட ஒருவருக்கு மருத்துவமும் வேலையும் வீடும் உறவும் எந்த அளவுக்குத் துணை நிற்கின்றன என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது.

துணை நிற்கும் மரபு அச்சமூகங்களுக்குள் இல்லாமலும் இல்லை. செனகா இனத்தின் ஹேண்ட்சம் லேக், குடியால் நலிந்து சாவின் விளிம்பிலிருந்தவர். 1799இல் தாம் கண்ட காட்சிகளின் அடிப்படையில் மதுவிலக்கை உள்ளடக்கிய அறநெறி ஒன்றைத் தம் மக்களிடையே பரப்பினார். ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் பெயர் வெளியிடாக் குடிநோயாளர் இயக்கம் 1935இல் தோன்றுவதற்கு 136 ஆண்டுகள் முற்பட்டது இது. மீண்டவர் மீளாதவரை அழைத்துச் செல்லும் முறையைத் தொல்குடியினர் வெளியிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய நிலையில் இருக்கவில்லை. அதைச் செயற்படுத்தும் களங்களான நிலமும் சடங்கும் மொழியும் குடும்பமுமே அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டன.

3. முன்னோடி நாவல்களில் மீட்சியின் வழி

ஆரஞ்சின் புதுமையை உணர அவருக்கு முற்பட்ட இரு நாவல்களை நோக்குவது பயன்தரும். புலிட்சர் பரிசு பெற்ற என். ஸ்காட் மோமடேயின் ‘ஹவுஸ் மேட் ஆஃப் டான்’ (1968) நாவலின் ஏபெல், இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய இளைஞன். குடியும் சிறைவாழ்வும் அவனைச் சிதைக்கின்றன. லாஸ் ஏஞ்சலிசில் அவனுக்கு உதவ வரும் மில்லி என்னும் சமூகப் பணியாளர் படிவங்களோடும் வினாக்களோடும் வருகிறாள். அவள் அன்புடையவள், அவன் மேல் காதலும் கொள்கிறாள். எனினும் அப்படிவங்களின் மொழியில் ஏபெலின் துயர் அடங்குவதில்லை. அவனுக்கு அமைதி தொடங்குவது தன் ஊருக்குத் திரும்பி, பாட்டனாரின் இறப்புக்குப் பின் விடியலில் ஓடும்போதுதான்.

லெஸ்லி மார்மன் சில்கோவின் ‘செரிமனி’ (1977) நாவலின் டேயோவும் போர்வீரனே. படைவீரர் மருத்துவமனையில் அவனுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்கள், ‘நாம்’ என்று எண்ணுவதை விடுத்துத் தன்னைப் பற்றி மட்டும் எண்ணுமாறு அறிவுறுத்துகின்றனர். அவன் நோயே ‘நாம்’ சிதைந்ததால் வந்தது என்பதை அம்மருத்துவம் அறியவில்லை. பெட்டோனி என்னும் சடங்கு மருத்துவரும் மலையும் மாடுகளும் கதைகளுமே அவனைத் தேற்றுகின்றன.

இவ்விரு நாவல்களிலும் நிறுவனம் தோற்கிறது, நிலம் மீட்கிறது. ஆற்றுப்படையின் மூன்று உறுப்புகளும் அங்கே நிறைவுறுகின்றன: பாட்டனாரோ பெட்டோனியோ வழிகாட்டுகின்றனர், ஊர்வழி இருக்கிறது, சென்று சேரும் நிலமும் இருக்கிறது. ‘வீடு திரும்புதல்’ என்னும் இவ்வமைப்பே தொல்குடி நாவலின் அடையாளம் எனத் திறனாய்வாளர் வில்லியம் பெவிஸ் 1980களில் எடுத்துரைத்தார்.

1956ஆம் ஆண்டின் இடப்பெயர்ப்புச் சட்டம் தொல்குடியினரை வேலைவாய்ப்பின் பெயரால் நகரங்களுக்கு நகர்த்தியது. இன்று அவர்களுள் பெரும்பான்மையோர் நகரவாசிகள். ஆனால் தொல்குடியினர்க்கான அரசு மருத்துவ நிதியில் நகர்ப்புற மையங்களுக்குச் செல்வது ஏறத்தாழ ஒரு விழுக்காட்டளவே. ஆரஞ்சின் பாத்திரங்கள் இந்நகரத்தில் பிறந்தவர்கள் அல்லது வளர்ந்தவர்கள். திரும்பிச் செல்வதற்கு அவர்களுக்கு வேறோர் ஊர் இல்லை. எனவே பழைய நாவல்களின் தீர்வு இவர்களுக்குப் பயன்படாது.

4. பெறாத வழிகாட்டி: ஜாக்கி ரெட் ஃபெதர்

ஜாக்கி போதைப் பழக்க ஆற்றுப்படுத்துநர். அல்புகர்க்கி நகரில் நடைபெறும் மாநாட்டுக்கு அவள் வரும்போது, தான் குடியை விட்டு ஏறத்தாழப் பத்து நாள்களே ஆகியிருக்கின்றன. அவளுடைய மகள் ஜேமி ஹெராயின் பழக்கத்தில் சிக்கித் தன்னுயிரை மாய்த்துக்கொண்டவள். ஜேமியின் மூன்று மகன்களையும் ஜாக்கியின் தங்கை ஓப்பலே வளர்த்து வருகிறாள். மாநாட்டில் இளைஞர் தற்கொலை பற்றிய உரை தொடங்குகிறது. எரியும் கட்டடத்திலிருந்து குதிக்கும் பிள்ளைகளை உவமையாக்கும் பேச்சாளர், குதிப்பதை மட்டும் தடுக்க முயன்று தீயைக் காணாதிருப்பது குறித்துப் பேசுகிறார். ஜாக்கியால் அங்கே இருக்க முடியவில்லை.

இக்காட்சியில் ஆரஞ்சு செய்யும் திருப்பம் நுட்பமானது. பேச்சாளரின் கருத்து சரியானது. நாவலாசிரியருக்கும் அதுவே உடன்பாடு எனலாம். ஆயினும் சரியான கருத்து, மகளை இழந்த தாயின் மேல் மற்றொரு சுமையாகவே விழுகிறது. சமூகத்துக்குப் பணிபுரியும் ஆற்றுப்படுத்துநர், தன் சமூகத்தின் இழப்புக்கு வெளியே நின்று பணிபுரிய இயலாது. மிகச் சிறிய மக்கள்தொகை கொண்ட இனத்தில் பணியாளரும் பயனாளியும் ஒரே குடும்பத்தவர். சில வேளைகளில் ஒரே ஆள். ‘பண்பாட்டை அறிந்த பணியாளர்’ வேண்டும் என்னும் கொள்கை சிறுபான்மையினருக்கான சேவைகளில் பரவலாக வலியுறுத்தப்படுகிறது. அக்கொள்கை தேவையானதே. ஆனால் அப்பணியாளரைத் தாங்குவது யார் என்ற கேள்வியையும் அக்கொள்கையோடு சேர்த்தே கேட்க வேண்டும் என்பதை ஜாக்கியின் பாத்திரம் உணர்த்துகிறது.

விடுதி அறையின் சிறு குளிர்பெட்டியில் மதுப்புட்டிகள் இருக்கின்றன. ஜாக்கி அப்பெட்டியையே தூக்கிச் சென்று நீச்சல் குளத்தில் போட்டுவிடுகிறாள். நாவலில் நகைச்சுவையும் அவலமும் ஒன்றாகும் இடம் இது. போதை ஒழிப்புப் பணியாளரைப் பயிற்சிக்கு அழைத்து, அவர் படுக்கைக்கு அருகே மதுவை வைக்கும் உலகில், அவளுக்குத் தன் கைகளைத் தவிர வேறு துணையில்லை. ஆற்றுப்படையின் முதல் உறுப்பு இங்கே தலைகீழாகிறது: பரிசில் பெறாதவளே பரிசிலர்க்கு வழிகாட்ட வேண்டியிருக்கிறது. இருப்பினும் அவள் காட்டும் வழி பொய்யானதன்று. பாலையின் கொடுமையை அதைக் கடந்து முடித்தவரைக் காட்டிலும், அதில் நடந்துகொண்டிருப்பவர் நன்கறிவர்.

5. நிறுவனத்தின் வாயில்: தாமஸ் ஃபிராங்கும் டோனியும்

தாமஸ் ஃபிராங்க் ஓக்லாந்தின் இந்தியர் மையத்தில் துப்புரவுப் பணியாளராக இருந்தவன், மேளக்குழுவில் பாடுபவன். சிறு வயது முதலே தோல் அரிப்பு நோயால் துன்புறும் அவனுக்கு, மது உடலின் எரிச்சலை அடக்கும் மருந்தாக அறிமுகமாகிறது. பின்னர் அக்குடியாலேயே வேலையை இழக்கிறான். சமூகத்துக்குத் துணை நிற்பதற்கென்றே அமைந்த மையம், துணை தேவைப்படும் ஒருவனை வெளியேற்றுகிறது.

ஆரஞ்சு மையத்தைக் குற்றவாளியாக்குவதில்லை. ஒரு நிறுவனம் தன் ஒழுங்கைக் காக்க வேண்டியதும் உண்மையே. ஆனால் இவ்வியலை ‘நீ’ என்னும் முன்னிலையில் அமைத்திருப்பதன் மூலம், வாசகரை அவ்வாயிலின் வெளிப்புறத்தில் நிறுத்துகிறார். மையத்தின் உள்ளிருந்து நோக்கும்போது அது பணிநீக்கம். வெளியிலிருந்து நோக்கும்போது, மேளமும் பாட்டும் உறவும் கிடைத்த ஒரே இடத்திலிருந்து துரத்தப்படுதல்.

டோனி லோன்மேனின் நிலை வேறு. தாயின் கருவிலிருந்தபோதே மதுவின் பாதிப்புக்கு உள்ளானவன் அவன். தன் முகத்தில் தெரியும் அந்நோய்க்குறிக்குத் தானே ஒரு செல்லப்பெயர் வைத்திருக்கிறான். பாட்டி மாக்சினுக்கு நூல்கள் வாசித்துக் காட்டுகிறான். மறுபுறம் ஆக்டேவியோவின் கூட்டத்தில் கஞ்சா விற்கிறான். மீட்புச் சேவைகளின் மொழியில் ‘பழக்கத்தை விடுதல்’ என்பது தனிமனிதத் தேர்வு. தான் தொடாத மதுவால் வடிவுபெற்ற டோனிக்கு அம்மொழியில் இடமே இல்லை. நாவல் அவன் குரலில் தொடங்கி அவன் சாவில் முடிவது தற்செயலன்று. பொறுப்பைத் தனிமனிதர் தலையில் மட்டும் ஏற்றும் எந்த விளக்கத்தையும் அவன் இருப்பே மறுத்துவிடுகிறது.

6. ஹார்வியின் கூட்டம்: ஒரு மறுப்பு

நாவலின் மிகச் சிக்கலான இடம் அல்புகர்க்கியில் நடைபெறும் குடிநோயாளர் கூட்டம். அதை நடத்துபவன் ஹார்வி. 1969 முதல் 1971 வரை தொல்குடியினர் அல்காட்ரஸ் தீவைக் கைப்பற்றி வைத்திருந்த காலத்தில், சிறுமியாக இருந்த ஜாக்கியை அங்கே வன்புணர்ந்தவன் அவனே. அதனால் பிறந்த மகளை அவள் தத்துக் கொடுக்க நேர்ந்தது. பல்லாண்டுகளுக்குப் பின் அவள் மீட்சி நாடிச் சென்ற கூட்டத்தில், மீண்டவனாக அவன் தலைமையில் அமர்ந்திருக்கிறான்.

ஆற்றுப்படை இலக்கணத்தை இங்கே முழுமையாகப் பெற்றிருப்பவன் ஹார்வி மட்டுமே. அவன் பெற்றவன், வழியறிந்தவன், மற்றவரை அழைப்பவன். ஆனால் அவன் பெற்றது யாரிடமிருந்து பறித்தது என்ற கேள்வியை அவ்விலக்கணம் கேட்பதில்லை. தவற்றை ஒப்புக்கொள்வோர்க்கு மீட்சிக் கூட்டம் மேடை தருகிறது. அத்தவற்றுக்கு இரையானவரும் அதே வட்டத்தில் மற்றொரு குடிநோயாளராக அமர நேரும்போது, இருவரும் சமமானவராகிவிடுகின்றனர். ‘நாம் எல்லோரும் ஒரே நோயினர்’ என்னும் அறம் குற்றத்தையும் நோயின் கணக்கில் எழுதிவிடும் ஆபத்து அங்கே உண்டு.

இச்சூழலைப் படைத்துக் காட்டிய ஆரஞ்சு, அதன் எல்லை வரை செல்லவில்லை என்பதே இக்கட்டுரையின் மறுப்பு. ஜாக்கி ஹார்வியோடு ஒரே வண்டியில் ஓக்லாந்துக்குப் பயணப்படுகிறாள். அவள் சினமும் ஐயமும் குறிக்கப்படுகின்றன. எனினும் கதைப்போக்கு அவ்விருவரையும் பவ்வாவ் என்னும் கூடுகை விழாவுக்குக் கொண்டுசேர்ப்பதிலேயே விரைகிறது. அவ்விழாவின் அறிவிப்பாளனும் ஹார்வியே. சமூகத்தின் குரல் மீண்டும் அவனிடமே செல்கிறது. இதை நாவல் ஒரு கசப்பான உண்மையாகச் சுட்டுகிறதா, ஒன்றுசேர்தலின் விலையாக ஏற்கிறதா என்பது தெளிவாகவில்லை. தாம் இருவரும் ஒரே தந்தைக்குப் பிறந்தவர்கள் என்பதை அறியாமலே ஒரே விழாக்குழுவில் பணிபுரியும் புளூ, எட்வின் ஆகியோரின் உறவை வெளிப்படுத்துவதில் காட்டும் அக்கறையை, ஜாக்கியின் மன்னியாமைக்கும் நாவல் காட்டியிருக்கலாம். மன்னிக்க மறுப்பதும் மீட்சியின் ஒரு வடிவமாகும்.

7. கேட்டல் என்னும் துணை

நாவலில் நம்பிக்கைக்குரிய ஆற்றுப்படுத்தல் எங்கேனும் உண்டெனில், அது டீன் ஆக்ஸென்டீனின் கதைத்தொகுப்பு முயற்சியில் உண்டு. குடியால் இறந்த தன் தாய்மாமன் லூக்கஸ் தொடங்க எண்ணிய ஆவணப்படத்தை டீன் தொடர்கிறான். ஓக்லாந்தின் தொல்குடியினர் தம் கதைகளைத் தாமே சொல்ல, அதற்கு நிதி பெற்று ஊதியமும் தருகிறான். இங்கே எவரும் எவரையும் குணப்படுத்துவதில்லை. கதையே வடிவத்தைத் தீர்மானிக்கட்டும் என விடப்படுகிறது. மில்லியின் படிவத்துக்கும் டீனின் ஒளிப்படக் கருவிக்கும் உள்ள வேறுபாடு இதுவே: முன்னது விடைகளைக் கேட்டது, பின்னது சொல்வோரைக் கேட்கிறது. பன்னிரண்டு குரல்களால் ஆன நாவலின் கட்டமைப்பே டீனின் திட்டத்தின் மறுபதிப்பாகத் தோன்றுகிறது.

ஆனால் இந்த ஆறுதலும் நிலைப்பதில்லை. கால்வின் பட்ட போதைப்பொருள் கடனை அடைக்கப் பவ்வாவின் பரிசுத்தொகையைக் கொள்ளையிட ஆக்டேவியோவின் கூட்டம் வருகிறது, துப்பாக்கிகள் வெடிக்கின்றன. போதையின் வணிகமே இறுதியில் அனைவரையும் ஒரே இடத்தில் கூட்டுகிறது என்பதால், வசைப்படிமத்தை எதிர்த்துத் தொடங்கிய நாவல் அதற்கே இரையாகிவிட்டதோ என்னும் ஐயம் எழக்கூடும். அந்த ஐயத்துக்கு நாவலிலேயே விடை உண்டு. கொள்ளையரை எதிர்த்து ஓடி உயிர் விடுபவன் டோனி. பிறப்பிலேயே வசையின் முத்திரை குத்தப்பட்டவன், கூடியிருந்தோரைக் காத்தவனாகிறான். குண்டுகளுக்கு நடுவே, சுடப்பட்டுக் கிடக்கும் பேரன் ஓர்வில்லை நோக்கி ஜாக்கி நடக்கிறாள். தன் மகளைக் காக்க முடியாமற்போனவள், குடிக்காத மனத்தோடு பேரனிடம் சென்று சேர்கிறாள். பெறாதவர்கள் இருவரும் கொடுப்பவர்களாகும் இடம் இது.

ஆரஞ்சின் இரண்டாம் நாவல் ‘வாண்டரிங் ஸ்டார்ஸ்’ (2024) இக்காயத்திலிருந்தே தொடர்கிறது. உயிர் பிழைத்த ஓர்வில், வலிநீக்கி மாத்திரைகளுக்கு ஆட்படுகிறான். 1864ஆம் ஆண்டின் சாண்ட் கிரீக் படுகொலையிலிருந்தும், 1879இல் தொடங்கிய கார்லைல் உறைவிடப் பள்ளியிலிருந்தும் அக்குடும்பத்தின் வலியை அந்நாவல் தொடர்கிறது. மருத்துவமனை தந்த மருந்தே நோயாவதைக் காட்டுவதன் மூலம், துணைக்கும் தீங்குக்கும் இடையிலான கோடு எத்துணை மெல்லியது என்பதை அது மேலும் அழுத்துகிறது.

8. முடிவுரை

‘தேர் தேர்’ நாவலை ஆற்றுப்படை மரபின் வெளிச்சத்தில் வாசிக்கும்போது மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, சிறுபான்மைச் சமூகத்தின் போதைச் சிக்கலில் உதவுவோர், உதவி பெறுவோர் என்னும் பிரிவினை நிலைக்காது. ஜாக்கியைப் போன்றோரைத் தாங்கும் ஏற்பாடு இல்லாத சேவை, அவர்களையே முதலில் இழக்கும். இரண்டு, மோமடேயும் சில்கோவும் காட்டிய நிலம்நோக்கிய மீட்சி நகரவாசிகளுக்கு அப்படியே பொருந்தாது. நகரத்திலேயே கூடும் இடங்களை அவர்கள் உருவாக்க வேண்டியுள்ளது. அவ்விடங்களின் வாயில் தாமஸ் ஃபிராங்குக்கும் திறந்திருக்க வேண்டும். மூன்று, மீண்டவரின் சொல்லுக்குத் தரும் மதிப்பை அவரால் காயப்பட்டவரின் சொல்லுக்கும் தராத மீட்சிக் கூட்டம் முழுமையானதன்று. இவ்விடத்தில் நாவலின் பார்வையும் முழுமை பெறவில்லை.

சங்கப் பாணர் தாம் பெற்ற செல்வத்தைக் காட்டிப் பிறரை அழைத்தனர். ஆரஞ்சின் மாந்தரிடம் காட்டுவதற்குச் செல்வமில்லை. நடந்துவந்த வழியின் தடம் மட்டுமே உண்டு. அத்தடத்தையும் வழியாகக் கொள்ளலாம் என்பதே இந்நாவல் ஆற்றுப்படை மரபுக்குச் சேர்க்கும் புதுப்பொருள்.